யாருடைய குழந்தை?

கனடாவின் கிழக்குக் கரையில், அட்லாண்டிக் கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் துறைமுக நகரம் ஹாலிஃபாக்ஸ். அந்நகரின் ஃபேர்வியூ லான் கல்லறைத் தோட்டத்தில், சரிவான ஒரு நிலப்பகுதியில், 121 கல்லறைகள் வளைந்த வரிசைகளாக அமைந்திருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அளவிலான சிறிய கருங்கற்கள். எல்லாவற்றிலும் ஒரே தேதி: 1912 ஏப்ரல் 15. தேதியுடன் ஓர் எண். சில கற்களில் எண்ணுக்கு மேலே ஒரு பெயர் இருக்கிறது. வேறு சில கற்களில் எண் மட்டுமே இருக்கிறது. டைட்டானிக் கப்பல் மூழ்கியபோது இறந்து, கடலிலிருந்து மீட்கப்பட்டு, உரிமை கோர எவரும் வராததால் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டவர்கள் அவர்கள்.

அவற்றிடையே மற்றவற்றைவிட உயரமான ஒரு கல் நிற்கிறது. டைட்டானிக் விபத்துக்குப் பின் உடல் மீட்கப்பட்ட, இன்னார் என்று அறியப்படாத ஒரு குழந்தையின் நினைவாக இது எழுப்பப்பட்டது என்று மட்டும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. யாருக்காக எழுப்பப்பட்டதோ அந்தக் குழந்தையின் பெயர் அதில் இல்லை. எழுப்பியவர்களின் பெயரும் இல்லை. நம் நாட்டு நடுகல் மரபை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வீரனின் பெயரையும் பெருமையையும் எழுதுவதற்காகவே நம் முன்னோர் கல் நட்டனர். எழுதுவதற்குப் பெயரும் இல்லை, சொல்வதற்குப் பெருமையும் இல்லை என்றால் கல் எதற்கு?

இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1912 ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு 11.40 மணிக்குப் பனிப்பாறையில் மோதிய டைட்டானிக், மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு முழுவதுமாக மூழ்கியது. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். உயிர் பிழைத்த எழுநூற்றுச் சொச்சம் பேரைக் கார்பேத்தியா என்ற கப்பல் நியூயார்க்குக்கு அழைத்துச் சென்றது. இறந்தவர்களைத் தேடும் வேலை ஹாலிஃபாக்ஸின் பங்குக்கு வந்தது. டைட்டானிக்கின் உரிமையாளர்களான ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனம் மக்கே-பென்னட் என்ற கப்பலை வாடகைக்கு அமர்த்தியது. கடலடியில் கிடக்கும் தந்தி வடங்களைச் செப்பனிடுவதே அந்தக் கப்பலின் வழக்கமான தொழில். அந்த மாலுமிகள் வடம் இழுத்துப் பழகியவர்கள். ஏப்ரல் 17-ஆம் தேதி சவப்பெட்டிகளும், டன் கணக்கில் பனிக்கட்டியும், உடலைப் பதப்படுத்தும் ஒரு நிபுணரும், ஒரு பாதிரியாரும் ஏற்றப்பட்டு அக்கப்பல் புறப்பட்டது.

ஏப்ரல் 21-ஆம் தேதி உடல்களை மீட்கத் தொடங்கினார்கள். கிடைத்த ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண். அந்த எண்ணின் கீழ் உடலின் அடையாளங்கள், அணிந்திருந்த உடை, சட்டைப்பையில் இருந்த பொருட்கள். இந்த முறையை வகுத்தவர் ஹாலிஃபாக்ஸில் இறப்புப் பதிவுப் பொறுப்பில் இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் என்பவர். ஐந்தாண்டுகள் கழித்து, 1917 டிசம்பர் 6-ஆம் தேதி, வெடிமருந்துக் கப்பல் ஒன்று துறைமுகத்தில் வெடித்து அந்நகரத்தவரே ஏறத்தாழ 2,000 பேர் மாண்டபோது, அந்நகரம் தன் சொந்தப் பிணங்களை அடையாளம் காண அதே முறையைக் கையாள வேண்டியதாயிற்று.

நான்காவது எண்ணின் கீழ் எழுதப்பட்டது ஒரு குழந்தையைப் பற்றியது. ஆண் குழந்தை, வயது இரண்டு இருக்கலாம், வெளிர்நிற முடி. கழுத்துப் பட்டியிலும் கை நுனியிலும் மென்மயிர் வைத்துத் தைத்த சாம்பல் நிறக் கோட்டு. பழுப்பு நிறக் கவுன். இளஞ்சிவப்புக் கம்பளி உள்சட்டை. பழுப்பு நிறக் காலுறை, காலணி. அடையாளக் குறி எதுவும் இல்லை.

பெரியவர்களை அடையாளம் காணக் கடிகாரம் உதவியது, மோதிரம் உதவியது, மடித்து வைத்த கடிதம் உதவியது. குழந்தையிடம் கடிதம் ஏது? ஆனால் அந்த உடைப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்தால் ஒன்று புலப்படும். நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி, உள்சட்டையும் அதன்மேல் கவுனும் அதன்மேல் கோட்டும் அணிவித்து, காலுறையையும் காலணியையும் மாட்டிவிட்ட கை ஒன்று இருந்திருக்கிறது. அவசரத்திலும் ஒன்றையும் விட்டுவிடாத கை. அது யாருடைய கை என்பதுதான் தெரியவில்லை.

மக்கே-பென்னட் 306 உடல்களைக் கடலிலிருந்து எடுத்தது. அவற்றில் 116 உடல்களைக் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, 190 உடல்களுடன் ஏப்ரல் 30-ஆம் தேதி ஹாலிஃபாக்ஸ் திரும்பியது. குழந்தையைத் தேடி எவரும் வரவில்லை. அடக்கச் செலவை ஏற்க நகரத்தார் பலர் முன்வந்தனர். ஆனால் கப்பல் தலைவர் ஃப்ரெடெரிக் லார்ன்டரும் அவருடைய மாலுமிகளும் அந்தப் பொறுப்பைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டனர். மே 4-ஆம் தேதி புனித ஜார்ஜ் தேவாலயத்தில் பிரார்த்தனை நடந்தது. சிறிய வெள்ளைப் பெட்டியை மாலுமிகளே சுமந்தனர். பெட்டிக்குள் ஒரு செப்புப் பதக்கத்தை வைத்தனர். அதில் ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள்; எங்கள் குழந்தை என்பது பொருள். கல்லும் அவர்கள் பணத்தில் எழுந்ததுதான்.

இனி நம் கேள்விக்கு வருவோம். இந்த மாலுமிகள் அந்தக் குழந்தைக்கு என்ன கடன்பட்டிருந்தார்கள்?

கிரேக்க ஞானி எபிக்யூரஸின் வாதம் தத்துவம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாம் இருக்கும்வரை மரணம் இல்லை. மரணம் வந்தபின் நாம் இல்லை. ஆகவே மரணம் நமக்கு ஒரு பொருட்டல்ல என்பது அவர் கொள்கை. இதை ஒப்புக்கொண்டால், இறந்தவனுக்கு நன்மையும் செய்ய முடியாது, தீமையும் செய்ய முடியாது. அரிஸ்டாட்டில் அவ்வளவு தூரம் போகவில்லை. சந்ததியாரின் வாழ்வும் தாழ்வும் இறந்தவர்களை ஓரளவு தொடக்கூடும் என்று தயங்கித் தயங்கிச் சொல்கிறார். இந்தக் குழந்தைக்கோ சந்ததியும் இல்லை.

ஈமச் சடங்கு இறந்தவருக்காக அல்ல, இருப்பவர்களின் ஆறுதலுக்காகவே என்று சிலர் சொல்வார்கள். நியாயமான கருத்துதான். ஆனால் இங்கே ஆறுதல் பெற யார் இருந்தார்கள்? தாய் இல்லை, தந்தை இல்லை, தேடி வந்த உறவினர் இல்லை. சமூகத்தின் மெச்சுதலுக்காக என்று சொல்ல முடியுமா? அப்படியானால் கல்லில் தங்கள் பெயரைப் பொறித்திருப்பார்கள். சுகாதாரம் காரணமா? அதற்குக் கடலே போதுமானது. 116 பேருக்கு அதுதான் போதுமானதாக இருந்தது. ஆக, வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. ஆனாலும் மாலுமிகள் செய்தது வீண் வேலை என்று சொல்ல நம் மனம் ஒப்பவில்லை. அறிவு காரணம் காட்ட முடியாத இடத்தில் மனம் ஏன் இவ்வளவு உறுதியாக நிற்கிறது?

சீன நாட்டு ஞானி மென்சியஸ் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் இதைத்தான் ஆராய்ந்தார். கிணற்றில் விழப்போகும் குழந்தையைக் காணும் எவனுக்கும் உள்ளம் பதறும் என்றார் அவர். பெற்றோரின் தயவைப் பெறவேண்டும் என்றோ, ஊரார் புகழவேண்டும் என்றோ அவன் பதறுவதில்லை. பதற்றம் அந்தக் கணக்குகளுக்கெல்லாம் முன்னே வந்துவிடுகிறது. இந்த உவமை பலரும் அறிந்தது. அவ்வளவாக அறியப்படாத இன்னொரு பகுதி அவர் நூலில் இருக்கிறது. மிகப் பழங்காலத்தில் பெற்றோர் இறந்தால் உடலைப் பள்ளத்தில் எறிந்துவிடும் வழக்கம் சிலரிடம் இருந்ததாம். ஒருநாள் அவ்வழியே போன மகன், நரிகள் அதைத் தின்பதையும் ஈக்கள் மொய்ப்பதையும் பார்த்தான். அவன் நெற்றி வியர்த்தது. நேராகப் பார்க்க முடியாமல் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அந்த வியர்வை பிறர் பார்ப்பதற்காக வந்ததல்ல, உள்ளத்திலிருந்து முகத்துக்கு வந்தது என்கிறார் மென்சியஸ். வீட்டுக்கு ஓடிப்போய்க் கூடையும் மண்வெட்டியும் கொண்டுவந்து உடலை மூடினான். மனிதன் முதன்முதலில் தோண்டிய கல்லறைக்கு மென்சியஸ் சொல்லும் வரலாறு இவ்வளவுதான். சாஸ்திரம் பிறகு வந்தது. வியர்வை முதலில் வந்தது.

இந்தக் கதையை அவர் சொன்ன சந்தர்ப்பம் இன்னும் முக்கியமானது. அன்புக்கு ஏற்றத்தாழ்வே கூடாது, எல்லாரிடமும் ஒரே அளவான அன்பு வேண்டும் என்று கற்பித்த மோட்சு என்பவரின் மாணவர் ஒருவருக்கு மறுமொழியாக அதைச் சொன்னார். தன் அண்ணன் பிள்ளையிடம் ஒருவனுக்கு இருக்கும் பாசமும் அண்டை வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும் பாசமும் ஒன்றே என்று உண்மையாகவே நம்புகிறீர்களா என்று கேட்டார். கிணற்றருகே குழந்தையைக் கண்டு பதறுவது எல்லாருக்கும் பொது. ஆனால் அதை வைத்து அன்பில் படிகளே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது என்பது அவர் தரப்பு.

ஆன்மிக நூல்களைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் மென்சியஸைக் குறுகிய மனத்தினர் என்று கருதிவிடக்கூடும். நான் அப்படிக் கருதவில்லை. தன் தாய் நோயில் கிடக்கும்போது உலகத் தாய்மார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவனிடம் நமக்கு நம்பிக்கை பிறப்பதில்லை. அன்புக்குப் படிகள் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் ஹாலிஃபாக்ஸ் மாலுமிகளின் செயல் இந்த விவாதத்தில் இருவரும் கவனிக்காத ஒன்றைக் காட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் படியில் நிற்கவேண்டிய தாயும் தந்தையும் இல்லை. அடுத்த படியில் நிற்கவேண்டிய உற்றாரும் இல்லை. அப்படி ஒவ்வொரு படியும் காலியாகிப் போனால், கடமை அத்தோடு அழிந்துவிடுவதில்லை. அது இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பக்கத்தில் நிற்பவன் கையில் வந்து சேர்கிறது. அன்று பக்கத்தில் நின்றவர்கள் வடம் இழுக்கும் மாலுமிகள்.

நம் சடங்குகளிலும் இந்த அறிவு பொதிந்திருக்கிறது. பித்ருக்களுக்குத் தர்ப்பணம் செய்பவர் முதலில் தம் குலத்தாரின் பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி நீர் விடுகிறார். முடிவில், தாயும் இல்லாத, தந்தையும் இல்லாத, சுற்றமும் நட்பும் இல்லாத எவரெவர் உண்டோ அவர்களும் இந்த நீரால் திருப்தி அடையட்டும் என்ற பொருளில் ஒரு மந்திரம் வருகிறது. படிகளை மறுக்காமலே, எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரு தளத்தை அது அமைத்துவிடுகிறது. அநாதைப் பிணத்துக்குச் செய்யும் ஈமக்கிரியை அசுவமேதப் பலனைத் தரும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பலன் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். தனக்குச் சொந்தமானவருக்குச் செய்வதைவிட, யாருக்கும் சொந்தமில்லாதவருக்குச் செய்வதற்கு ஏன் இவ்வளவு பெரிய மதிப்புக் கொடுத்தார்கள் என்பதே சிந்திக்கத் தக்கது.

இங்கே மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சங்கடம் வருகிறது. அந்தச் செப்புப் பதக்கத்தின் சொற்களை மேலே எங்கள் குழந்தை என்று எழுதினேன். நம் குழந்தை என்றும் எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தமிழிலோ இரண்டும் வேறு. எங்கள் என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். நம் என்றால் கேட்பவரும் உள்ளே வந்துவிடுகிறார். மாலுமிகள் எதை எண்ணினார்கள்? அந்தப் பதக்கம் எவரும் படிப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. மண்ணுக்குள் போன எழுத்து அது. கேட்பவர் இல்லாத பேச்சில் எங்கள், நம் என்ற வேறுபாடு எங்கிருந்து வரும்? நெடுநேரம் யோசித்து எங்கள் என்பதையே வைத்துக்கொண்டேன். வேறு யாரும் வரவில்லை, ஆகவே நாங்கள் ஏற்கிறோம் என்ற பொறுப்பின் குரல் அதில் இருக்கிறது. நம் என்பது அழகான சொல்தான். ஆனால் எல்லாருடைய பொறுப்பு என்று சொல்லப்படுவது பல வேளைகளில் எவர் பொறுப்பும் இல்லாமல் போய்விடுகிறது.

இவ்வளவு சொன்னபின் இந்தக் கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. அதே கப்பல், அதே மாலுமிகள். எதிர்பார்த்ததைவிட அதிக உடல்கள் கிடைத்தன. பதப்படுத்தும் மருந்து போதவில்லை. யாரைக் கரைக்குக் கொண்டுபோவது, யாரைக் கடலில் விடுவது என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கடலில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் கப்பல் ஊழியர்களுமே. சொத்துள்ளவர்கள் இறந்தால் காப்பீடு, வாரிசுரிமை ஆகியவற்றில் வழக்குகள் எழும், அதனால் அவர்கள் உடல்களைக் காப்பது அவசியம் என்று கப்பல் தலைவர் பின்னர் விளக்கம் கூறினார். குழந்தையின் பெட்டியைச் சுமந்த கைகள்தாம் உடையைப் பார்த்து உடல்களைத் தரம் பிரித்த கைகளும். இதைக் கபடம் என்று சொல்லிவிட மனம் வரவில்லை. மனித மனத்தில் கருணையும் வகுப்புப் பார்வையும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கின்றன. ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்பதில்லை.

உயிரோடு இருந்தபோது நடந்தது இதைவிடக் கொடியது. டைட்டானிக்கின் இருபது உயிர்காப்புப் படகுகளில் 1,178 பேருக்கே இடம் இருந்தது; கப்பலில் இருந்தவர்களோ ஏறத்தாழ 2,200 பேர். இருந்த இடமும் நிரம்பவில்லை. நாற்பது பேர் ஏறத்தக்க ஒரு படகு பன்னிரண்டு பேருடன் போயிற்று. சட்டம் எதுவும் மீறப்படவில்லை என்பதுதான் வேதனை. 10,000 டன்னும் அதற்கு மேலுமான கப்பல்களுக்குப் பதினாறு படகு போதும் என்று 1894-இல் வகுத்த விதி, 46,000 டன் கப்பல் வந்த பிறகும் மாறாமல் இருந்தது. இரண்டாம் வகுப்பில் பயணம் செய்த குழந்தைகள் அனைவரும் பிழைத்தனர். முதல் வகுப்பில் ஒரு குழந்தை மட்டும் இறந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்த 79 குழந்தைகளில் 52 பேர் இறந்ததாக பிரிட்டிஷ் விசாரணை அறிக்கை கணக்கிட்டது. மூன்றாம் வகுப்பினருக்கு ஓரவஞ்சனை எதுவும் இழைக்கப்படவில்லை என்றும் அதே அறிக்கை கூறியது. அந்த விசாரணையில் மூன்றாம் வகுப்புப் பயணி ஒருவர்கூடச் சாட்சியாக அழைக்கப்படவில்லை.

இறந்த ஒரு குழந்தைக்காகக் கண்ணீர் விடும் சமூகம், அந்த 52 குழந்தைகளுக்கு ஏன் படகில் இடம் வைக்கவில்லை? கிணற்றருகே குழந்தையைக் கண்ணால் கண்டால் பதறுகிறோம். கிணற்றுக்குச் சுவர் கட்ட வேண்டும் என்ற விதியை எழுதும் மேசையில் எந்தக் குழந்தையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மென்சியஸ் அரசர்களிடம் ஊர் ஊராகச் சென்று வாதாடியதே இதற்காகத்தான்; காணும்போது பிறக்கும் இரக்கத்தைக் காணாத இடத்துக்கும் நீட்டுவதுதான் அரசு நடத்துவது என்றார் அவர்.

மீண்டும் அந்தக் குழந்தையிடம் வருவோம். இறந்தவர்களின் உடைகளை நினைவுப் பொருளாகக் கவர்ந்து செல்ல ஒரு கூட்டம் அலைந்தது. அதைத் தடுக்க உடைகளை எரித்துவிடும்படி உத்தரவு. காவலில் இருந்த ஹாலிஃபாக்ஸ் போலீஸ் சார்ஜென்ட் கிளாரன்ஸ் நார்த்தோவர் உத்தரவை நிறைவேற்றினார், ஒன்றைத் தவிர. சிறிய பழுப்பு நிறக் காலணி ஜோடி ஒன்றை நெருப்பில் போட அவருக்குக் கை வரவில்லை. யாராவது வந்து கேட்பார்கள் என்று எண்ணினாரோ என்னவோ, மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். கண்டிப்பாகப் பார்த்தால் அது கடமை தவறிய செயல்தான். கான்ட் போன்ற ஒரு தத்துவஞானியிடம் விசாரணைக்குப் போயிருந்தால் சார்ஜென்ட் தப்பியிருப்பாரா என்பது சந்தேகம்!

காலம் சென்றது. அந்தக் குழந்தை ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த இரண்டு வயது கோஸ்டா பால்சன் என்று பலரும் நம்பினர். அவனுடைய தாய் ஆல்மாவின் உடல் மீட்கப்பட்டு அதே தோட்டத்தில் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருந்தது. தாயின் பக்கத்திலேயே பிள்ளையும் உறங்குகிறான் என்ற எண்ணம் வந்தவர்களுக்கெல்லாம் ஆறுதல் அளித்தது.

2001-ஆம் ஆண்டு கல்லறையைத் திறந்து பார்த்தார்கள். உடன் திறந்த வேறு இரண்டு கல்லறைகளில் சோதிப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. குழந்தையின் கல்லறையில் ஒரு சிறிய எலும்புத் துண்டும் மூன்று பற்களும் இருந்தன. தாய் வழியாக மட்டுமே இறங்கிவரும் மரபணுவை ஆராய்ந்தார்கள். அது கோஸ்டா அல்ல என்று தெரிந்தது. பற்களின் வளர்ச்சியையும் சேர்த்துப் பார்த்து, ஃபின்லாந்து நாட்டைச் சேர்ந்த பதின்மூன்று மாதக் குழந்தை ஈனோ பானுலா என்று 2002-இல் அறிவித்தார்கள். அவன் குடும்பத்தார் வந்து கல்லறையைக் கண்டு சென்றனர்.

அதே ஆண்டில் சார்ஜென்ட் நார்த்தோவரின் வழித்தோன்றல் ஒருவர் அந்தக் காலணிகளை ஹாலிஃபாக்ஸில் உள்ள அட்லாண்டிக் கடல்சார் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். அவை பதின்மூன்று மாதக் குழந்தைக்குப் பெரியவை என்பது தெரியவந்தது. ஐயம் எழுந்தது; மீண்டும் நுட்பமான சோதனை நடந்தது. 2007-இல் முடிவு வந்தது. குழந்தை இங்கிலாந்தைச் சேர்ந்த சிட்னி லெஸ்லி குட்வின். வயது பத்தொன்பது மாதம். அமெரிக்காவில் நயாகரா நகரில் புதுவாழ்வு தேடி மூன்றாம் வகுப்பில் பயணம் செய்த ஃப்ரெடெரிக், அகஸ்டா தம்பதியின் ஆறு பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. எட்டுப் பேரும் இறந்தனர். உடல் கிடைத்தது இவனுக்கு மட்டுமே. ஏன் எவரும் தேடி வரவில்லை என்பதற்கு விடை 95 ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. தாயிடமிருந்து வந்த ஓர் அணுவும், ஒரு சார்ஜென்ட் எரிக்காமல் விட்ட காலணியும் சேர்ந்து அவனுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுத்தன.

கல்லறையைத் திறந்தது சரியா? உறங்குபவரை அறிவின் ஆவலுக்காக எழுப்புவது முறையல்ல என்றே முதலில் எனக்குத் தோன்றியது. தாயருகே பிள்ளை என்ற ஆறுதல் யாருக்கும் தீங்கு செய்யவில்லையே! ஆனால் அந்த ஆறுதல் யாருக்காக? வந்து பார்த்துச் செல்லும் நமக்காக. நம் மனநிறைவுக்காக அகஸ்டாவின் பிள்ளையை ஆல்மாவின் பிள்ளையாக வைத்திருக்க நமக்கு என்ன உரிமை? மாலுமிகள் அறியாமையை அறியாமை என்றே கல்லில் எழுதினார்கள், ஊகத்தை எழுதவில்லை. பின்னால் வந்தவர்கள்தாம் பெயர் சூட்டினார்கள். பெயரும் உருவமும் மேலே படிந்தவை, உள்ளே இருப்பது ஒன்றே என்று வேதாந்தம் படித்த நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்த உண்மையைச் சொல்லும் உரிமை, பெயரைக் கண்டுபிடிக்க முயன்று ஓய்ந்தவனுக்கே உண்டு என்று நினைக்கிறேன். பெயரைத் தேடும் சிரமத்தைத் தவிர்ப்பதற்கு அத்வைதம் ஒரு சாக்காகிவிடக் கூடாது.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் கோஸ்டாவுக்கென்று வைத்த மலர்கள், ஐந்தாண்டுகள் ஈனோவுக்கென்று சிந்திய கண்ணீர் வழிதவறிப் போயினவா? நம் மரபில் கோத்திரம் தெரியாதவருக்குக் காசியப கோத்திரம் என்று சொல்லிக் கிரியை செய்வார்கள். விலாசம் சரியாகத் தெரியாதபோதும் அன்பைச் செலுத்த ஒரு வழி வேண்டும் என்ற ஏற்பாடு அது. மலர் வைத்தவர்களின் உள்ளத்தில் பிழை இல்லை. ஆனால் ஈனோவின் குடும்பத்தார் தங்களுக்கு ஒரு கல்லறை கிடைத்ததென்று வந்துபோன பின்னர் அதை இரண்டாம் முறை இழந்தார்கள். அந்த இழப்பை எந்த வாதமும் ஈடுசெய்யாது.

2008 ஆகஸ்டில் குட்வின் குடும்பத்தின் உறவினர்கள் அங்கே கூடிப் பிரார்த்தனை செய்தனர். கப்பலில் இறந்த ஏறத்தாழ ஐம்பது குழந்தைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ஒவ்வொரு பெயருக்கும் மணி ஒலித்தது. மாலுமிகள் எழுதிய வாசகத்தை எவரும் கல்லிலிருந்து நீக்கவில்லை. அறியப்படாத குழந்தை என்ற சொற்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. காண வருபவர்கள் அதன் அடியில் சிறு பொம்மைகளை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

அருகில் ஆல்மா பால்சனின் கல் இருக்கிறது. அவளது உடலுடன் கிடைத்த பொருட்களில் ஒரு மவுத் ஆர்கன் இருந்தது. கல்லில் அவள் பெயருக்குக் கீழே நான்கு பிள்ளைகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன: எட்டு வயதிலிருந்து இரண்டு வயதுவரை. கடைசிப் பெயர் கோஸ்டா. அந்த நால்வரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை.